ஜெர்மன் மாப்பிள்ளையின் பூர்வீகம்

பழம்பொருள் பதிவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். கையுறை கொடுத்திருப்பார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி கொடுத்திருப்பார்கள். எதை எதனால் துடைக்கக்கூடாது என்று ஒரு தாளும் கொடுத்திருப்பார்கள். அவற்றை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. பேனாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் தொழிலில் பொருளைக் கீழே போட்டு உடைத்துக் கெட்டவர்கள் குறைவு. பேனாவால் கெட்டவர்கள்தான் அதிகம். நானும் அந்தப் பட்டியலில் சேர ஒரு விரற்கடை தூரம்தான் இருந்தது.

பதிவு அட்டையில் நீளம், எடை, உலோகம் என்று பல கட்டங்கள் இருக்கும். அளந்தால் தெரிந்துவிடும். 'பூர்வீகம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில்தான் ஆபத்து. நம் ஆட்கள் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் முதலில் கேட்பது "உங்களுக்கு எந்த ஊர்?" என்பதுதான். அவர் சொல்வதை அப்படியே நம்பிவிடுவோம். பழைய பொருளிடமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறோம். ஆனால் அது வாய் திறக்காது. பக்கத்தில் நிற்கிறவர் பதில் சொல்வார். அவர் பெரும்பாலும் அதை விற்க வந்தவராக இருப்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் நான் துபாயில் ஓர் அரபுப் பெரியவரின் சொந்தச் சேகரிப்பில் பதிவாளராக இருந்தேன். முதலாளியை அங்கே அர்பாப் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அவருக்கு வளைந்த கத்தி, நாட்டுத் துப்பாக்கி, பித்தளை திசைகாட்டி எல்லாம் பிடிக்கும். எல்லா ஆயுதங்களும் சுட முடியாதபடி அடைக்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் போலீஸ் அனுமதித் தாள் உண்டு. குடும்பத்தோடு அல் குசைஸில் ஒரு சிறிய ஃப்ளாட்டில் இருந்தேன். மகள் கயல் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. இந்த ஒரு வரியை மறந்துவிடாதீர்கள். நான் செய்த எல்லா முட்டாள்தனத்துக்கும் காரணம் இதில்தான் இருக்கிறது.

எனக்கு முன் அந்த மேஜையில் இருந்தவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். பிறகு மஸ்கட்டுக்கு மாறி, ரூவியில் ஓர் அலுவலகத்தில் இதே வேலையைப் பார்த்தார். சந்தேகம் வந்தால் அவருக்குத்தான் போன் செய்வேன். முதல் முறை ஒரு பழைய துப்பாக்கியைப் பற்றிக் கேட்டபோது அவர் பாதியில் நிறுத்தினார்.

"தம்பி, டெலிபோனில உந்தச் சொல்லைச் சொல்லாதையுங்கோ. ஆர் கேக்கினம் எண்டு தெரியாது. எங்கட ஊரில உதைச் சொல்லியும் கேட்டும் களைச்சுப் போனன்."

"அப்ப என்னன்னு சொல்றது அக்கா?"

"மாப்பிள்ளை எண்டு சொல்லுங்கோ. எந்த ஊர், ஆற்றை பிள்ளை, பொருத்தம் இருக்கோ. ரெண்டுக்கும் கேள்வி ஒண்டுதானே."

அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் துப்பாக்கி என்றால் மாப்பிள்ளை. குழாய் மூக்கு. கைப்பிடி கை. குத்திய எண் பல். பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகளில் ஒவ்வோர் உறுப்பிலும் அந்தத் துப்பாக்கியின் வரிசை எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களைக் குத்தியிருப்பார்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால் சேகரிப்பவர்களுக்கு ஆனந்தம். அதற்குப் பெயர் எங்களிடம் பொருத்தம். இந்தக் கள்ளமொழி வீட்டுக்குத் தெரியாது. தெரிவித்திருக்க வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் அர்பாப்பிடம் ஒரு ஜெர்மன் கைத்துப்பாக்கி வந்தது. சுடும்போது மேல்பாகம் முழங்கால் மாதிரி மடிந்து எழும் பழைய ரகம். உலகத்தில் இது நிறைய உண்டு, ஜெர்மன் ராணுவம் வாரி வாரி வாங்கியது. ஆனால் இதே ரகத்தில் சிலவற்றைப் பெர்சியாவின் ராணுவத்துக்கென்று தனியாகச் செய்து அனுப்பினார்கள். அவற்றில் எண்கள் பெர்சிய எழுத்தில் இருக்கும், மேலே சிங்கமும் சூரியனும் இருக்கும். அது அபூர்வம். விற்க வந்தவர், இது அந்த அபூர்வங்களில் ஒன்று, பெர்சிய அரண்மனைக் காவலில் இருந்தது என்றார். நல்ல அத்தர் பூசியிருந்தார். கையில் ஓர் ஆல்பம் வைத்திருந்தார். ஆல்பத்தில் ஓர் அரண்மனை இருந்தது. துப்பாக்கி இல்லை.

அர்பாப் அதைக் கையில் வாங்கிய நிமிடமே காதலில் விழுந்தார். சனிக்கிழமை மதிய விருந்துக்கு ஆட்களை அழைத்துவிட்டார். 'பெர்சிய அரசரின் ஜெர்மன் துப்பாக்கி' என்று பித்தளைத் தகட்டில் எழுத்து வெட்டியும் வந்துவிட்டது. இனி அட்டையில் பூர்வீகம் எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாண மண்டபத்தில் இலை போட்ட பிறகு மாப்பிள்ளையை விசாரிக்கச் சொன்ன மாதிரி.

வியாழக்கிழமை அதை மேஜையில் வைத்துப் பார்த்தேன். சிங்கம் இருந்தது, சூரியன் இருந்தது. எண் நான்கு இலக்கம்: நாலு, ஆறு, இரண்டு, நாலு. கண்ணில் பட்ட உறுப்புகளில் எல்லாம் இருபத்து நாலு. ஒன்று மட்டும் உறுத்தியது. இரும்பின் ஓரங்கள் எல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தன. எண்கள் மட்டும் நேற்று வெட்டியது போலக் கூராக இருந்தன. கைப்பிடி மரத்தைக் கழற்றிப் பார்க்கத் திருப்புளியை எடுத்தேன்.

"வேண்டாம் பாய். பழைய திருகாணி. உடைஞ்சா யார் பொறுப்பு?" என்றார் விற்க வந்தவர்.

திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். அர்பாப் கேட்டபோது நல்லா இருக்கு என்றும் சொல்லிவிட்டேன்.

ஏன் வைத்தேன் என்று உண்மையைச் சொல்கிறேன். அங்கே முன்பு கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒருவர் அர்பாப்பின் விருந்தாளிகள் முன் 'இது அசல் இல்லை' என்று ஒரு கத்தியைப் பற்றிச் சொல்லிவிட்டார். அந்த மாதமே விசா ரத்து. விசா போனால் ஒரு மாதத்துக்குள் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டும். கயலுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. ஜனவரியில் ஊருக்குப் போய் எந்தப் பள்ளியில் சேர்ப்பது? எவன் ஹால் டிக்கெட் கொடுப்பான்? ஒரு வருடம் போய்விடும். இப்படிக் கவலைப்படுவதில் நான் தேர்ந்தவன். பெட்டிகள் எத்தனை இருக்கின்றன என்று மனதுக்குள் எண்ணிக்கூடப் பார்த்துவிட்டேன்.

எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அலுவலகத் தாளை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. நீங்கள் செய்யாதீர்கள்.

மாலை காபி குடித்துவிட்டு, கூடத்தில் நின்றபடி அக்காவுக்குப் போன் போட்டேன். நான் பேசியதை மட்டும் இங்கே தருகிறேன். அறைக்கதவுக்குப் பின்னால் நின்றிருந்த கயலுக்கு அதுதான் கேட்டது.

"மாப்பிள்ளையை இன்னைக்கு மேஜை மேல படுக்க வெச்சு முழுசாப் பார்த்துட்டேன் அக்கா."

"ஜெர்மனியில பிறந்தவர்தான். பெர்சியாவுல ராஜா வீட்டுல இருந்தாராம்."

"வயசு எழுபது இருக்கும். ஆனா பாலிஷ் போட்டு நல்லா மறைச்சிருக்காங்க."

"முழங்காலெல்லாம் சுலபமா மடங்குது. மூக்குக்குள்ளதான் லேசாத் துரு. பல்லு மட்டும் புதுசு மாதிரி கூரா இருக்கு."

"பொருத்தம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. அர்பாப்புக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. சனிக்கிழமை நான் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

இதற்கு அக்கா சொன்னது கயலுக்குக் கேட்கவில்லை: "உடம்பெல்லாம் கிழடு, பல்லு மட்டும் புதுசெண்டால் யோசியுங்கோ தம்பி."

அதற்கு நான் சொன்னதுதான் வினை. "எனக்கும் மனசுக்கு ஒப்பலைதான் அக்கா. ஆனா கயலோட படிப்புக்காகத்தான் சம்மதிக்கிறேன்."

மறுநாள் வெள்ளி, விடுமுறை. கயல் காலையில் எழுந்தவள் என்னிடம் பேசவில்லை. தோசையைத் தொடவில்லை. என் எதிரே வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு தாள், அதில் ஒன்று இரண்டு என்று எண் போட்டு ஏதோ எழுதியிருந்தாள். பரீட்சைக்குக்கூட அவள் அப்படித் தயாரித்து நான் பார்த்ததில்லை.

"அப்பா, நான் செவன்டீன். இது லீகலாவே கிரைம்."

"எது?"

"ஆக்ட் பண்ணாதீங்க. ஃபோன்ல எல்லாம் கேட்டேன். ஜெர்மன். செவன்டி இயர்ஸ். பாலிஷ் போட்டு வயசை மறைக்கிறான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சமையலறையிலிருந்து என் மனைவி தோசைத் திருப்பியோடு வந்தாள்.

"என்னங்க, யாருக்கு எழுபது?"

"அம்மா, அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கார். கிழவன். முழங்கால் மடங்குதுன்னு சந்தோஷமா சொல்றார்மா!"

மனைவி என்னைப் பார்த்த பார்வையை எந்தக் கட்டத்தில் பதிவு செய்வதென்று தெரியவில்லை. "மூக்குல துருன்னு நானும் அடுப்படியில கேட்டேன். ஜலதோஷத்தை அப்படிச் சொல்றாரோன்னு விட்டுட்டேன். அது என்ன வியாதிங்க?"

"ஏய், ரெண்டு பேரும் கொஞ்சம்..."

"இதோ ப்ரூஃப்." கயல் இன்னொரு தாளை மேஜையில் அடித்து வைத்தாள். துவைக்கப் போட்ட என் சட்டைப்பையிலிருந்து எடுத்திருக்கிறாள். பென்சில் தேய்த்த பிரதி. "இது அவனோட கார் நம்பர்தானே? ஃபோர் டிஜிட். அதான் விழுந்துட்டீங்க."

துபாயில் நான்கு இலக்க வண்டி எண் என்றால் சாதாரண ஆள் இல்லை. என் மகளின் துப்பறியும் திறமையை நினைத்து ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் அவள் உதடு துடிப்பதைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லிக்கொண்டு போகிறேன், ஆனால் அந்த உதட்டை மட்டும் விளையாட்டாகச் சொல்ல முடியவில்லை. தன் அப்பா தன் படிப்பைக் காட்டியே தன்னைத் தூக்கிக் கொடுத்துவிடுவான் என்று ஒரு ராத்திரி முழுக்க நம்பியிருக்கிறாள்.

"அது மாப்பிள்ளை இல்லம்மா. துப்பாக்கி."

மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "துப்பாக்கியா? அதுக்கு அந்தக் கிழவனே தேவலாம் போல இருக்கே."

எல்லாவற்றையும் சொன்னேன். கள்ளமொழி, அக்கா, சிங்கம், சூரியன், சனிக்கிழமை விருந்து. மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு நிற்காமல் அடுப்படிக்கே போய்விட்டாள். தோசை கருகியிருந்தது. கயல் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நம்பரை பெர்சியன்லயா போட்டிருக்காங்க?"

"ஆமா. பெர்சியாவுக்குன்னே ஜெர்மனியில குத்தினது."

"அப்போ இந்த நாலு தப்புப்பா."

"எந்த நாலு?"

"ரெண்டு நாலும். இது அரபி நாலு. மூணைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கு பாருங்க. நம்ம ரொட்டிக்கடை மாமா நாலு வேற மாதிரி போடுவார். குச்சி மேல கொக்கி வெச்ச மாதிரி. ஃபிஃப்த் ஸ்டாண்டர்ட் அரபி டெஸ்ட். மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. எங்கள் கட்டடத்தின் கீழே ஓர் ஈரானியர் ரொட்டிக்கடை வைத்திருந்தார். சின்ன வயதில் கயலுக்கு அவர் கரும்பலகைதான் பொழுதுபோக்கு. அதைப் பார்த்து நாலு எழுதக் கற்றுக்கொண்டாள். பள்ளியில் அரபிப் பரீட்சையில் அதே நாலை எழுதி, டீச்சர் சிவப்பு மையால் அடித்து, ஒரு மார்க் போனது. 'பார்த்து எழுதத் தெரியாதா?' என்று நான் கத்தி, ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை.

"மூணு நாள்" என்றாள் கயல்.

"ஒரு நாள்தான்."

"மூணு."

அதை விட்டுவிட்டுக் கீழே இறங்கினோம். ஜும்மா தொழுகைக்குக் கடையை மூட இன்னும் நேரமிருந்தது. ரொட்டிக்காரர் மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு, "க்யா பாய், எத்தனை?" என்றார். ரொட்டி வேண்டாம், நாலு, ஆறு, இரண்டு, நாலு என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். "டெலிபோன் நம்பரா? பாதிதானே இருக்கு" என்று சிரித்துக்கொண்டே ரொட்டி சுற்றும் தாளில் எழுதிக் கொடுத்தார்.

இரண்டு தாள்களையும் சுவரில் வைத்துப் பார்த்தேன். இரண்டு என்ற இலக்கம் மட்டும் இரு தாளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. நாலுகள் வேறு வேறு ஆட்கள். ஆறும் வேறு. துப்பாக்கியில் இருந்த ஆறு நம் ஏழு மாதிரி நின்றது. ரொட்டிக்காரரின் ஆறுக்குத் தலையில் ஒரு சுருள். பெர்சியாவுக்குப் போன துப்பாக்கியில் பெர்சியாக்காரன் எழுதாத நாலு எப்படி வந்தது?

பதினான்கு வருடம் அந்த ஊரில் இருந்தவன் நான். அரபி எண்களை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. வண்டிகளின் எண் தகடுகளில் படித்தேன். அதனால்தான் துப்பாக்கியில் அதே எண்களைப் பார்த்தபோது தடங்கலே இல்லாமல் வாசித்துவிட்டேன். வாசிக்க முடிந்த சந்தோஷத்தில், வாசிக்க முடியக்கூடாதே என்று தோன்றவில்லை. நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது ஏதாவது இருந்தால் இது ஒன்றுதான். தூர தேசத்துப் பொருள் ஒன்று உங்களுக்குப் பழகிய எழுத்தில் பேசினால், இன்னொரு முறை பாருங்கள்.

படியேறும்போது கயல் கேட்டாள். "நீங்க கையெழுத்துப் போடலைன்னா அர்பாப் கோபப்படுவாரா?"

"படுவார்."

"எவ்வளவு?"

பொய் சொல்லியிருக்கலாம். "விசா அளவுக்கு" என்றேன்.

அவள் இரண்டு படிகள் ஏறினாள். மார்ச் வரைக்கும் மாதங்களை எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தானே எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "பொருத்தம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்கப்பா. தப்பா எழுதிட்டு என் படிப்புக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்கு அது வேண்டாம்."

அக்காவுக்கு மறுபடி போன். இந்த முறை கூடத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி.

"மாப்பிள்ளை ஊரை மாத்திச் சொல்லிட்டார் அக்கா."

"நான் நினைச்சனான். கைப்பிடியைக் கழட்டிப் பாத்தனீங்களோ?"

"விக்கிறவர் கழட்ட வேண்டாம்னார்."

"அப்ப அதைத்தான் முதல் கழட்டியிருக்க வேணும்" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "பயமாக் கிடக்கோ?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"பயத்தோட போங்கோ. திருப்புளியையும் கொண்டு போங்கோ."

சனிக்கிழமை போனேன். பெரிய கூடத்தில் விருந்துக்கு விரிப்பு போட்டிருந்தார்கள். விருந்தாளிகள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட்டில் அந்தத் துப்பாக்கி, அருகில் பித்தளைத் தகடு. அர்பாப் சோபாவில். விற்க வந்தவர் பக்கத்தில், அதே அத்தர். அட்டையும் பேனாவும் எனக்காகக் காத்திருந்தன.

"யல்லா, சதீக். சைன் கரோ." ஆகட்டும் நண்பா, கையெழுத்துப் போடு என்றார் அர்பாப்.

பேனாவை எடுத்தேன். பூர்வீகக் கட்டத்தின் மேல் கொண்டுபோனேன். எழுதாமல் அட்டையைத் தள்ளி வைத்தேன். "அர்பாப், பூர்வீகம் எழுத முடியலை. பெர்சியான்னு உறுதியா சொல்ல முடியாது" என்றேன். இந்தியில் சொன்னேன். என் இந்தி சாதாரண நாளிலேயே நொண்டும். அன்று தவழ்ந்தது.

அர்பாப்பின் முகம் இறுகியது. "வியாழக்கிழமை நல்லா இருக்குன்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். தப்பு."

"இவர் கிளார்க், அர்பாப்" என்றார் விற்க வந்தவர் இனிமையாக. "கிளார்க்குக்கு அளக்கத் தெரியும். துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும்?"

அது உண்மைதான். துப்பாக்கியைப் பற்றி எனக்குக் கொஞ்சம்தான் தெரியும். அந்த நேரத்தில் அது உதவியாக இருந்தது. துப்பாக்கியைப் பற்றி வாதாடப் போயிருந்தால் அவர் என்னை நிமிடத்தில் மடக்கியிருப்பார். நான் நாலைப் பற்றி மட்டும் பேசினேன்.

"அர்பாப், தயவுசெய்து ஒரு நாலு எழுதுங்க."

"என்ன?"

"நாலு. உங்க கையால."

ரொட்டிக்காரர் எழுதிய தாளை அர்பாப் முன் நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். ஒரு பைத்தியத்துக்கு ஒத்துப்போவது போல, ரொட்டித் தாளின் ஓரத்தில் ஒரு நாலு எழுதினார். மூன்றைத் திருப்பிப் போட்ட நாலு. அதற்கு மேலே ரொட்டிக்காரரின் நாலு, குச்சியும் கொக்கியுமாக. நான் பென்சில் பிரதியை இரண்டுக்கும் நடுவில் வைத்தேன். விளக்கவே இல்லை. விளக்க என் இந்தியும் போதாது.

அர்பாப் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அந்த வெகுநேரத்தில் நான் கயலை ஊரில் மூன்று பள்ளிகளில் சேர்க்கப் போய், மூன்றிலும் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டுவிட்டேன்.

"இது ஈரானி நாலு" என்றார் மெதுவாக, ரொட்டிக்காரரின் எழுத்தைத் தொட்டு. பிறகு தன் எழுத்தைத் தொட்டார். "இது என் நாலு." கடைசியாகப் பென்சில் பிரதி. "இதுவும் என் நாலு." தலையைத் தூக்கி விற்க வந்தவரைப் பார்த்தார். "இந்த நம்பரை அடிச்சவன் ஜெர்மனியில இல்லை. என் ஸ்கூல்ல படிச்சிருக்கான்."

"அர்பாப், பழைய காலத்துல சில சமயம்..."

"கழற்று" என்றார் அர்பாப் என்னிடம்.

திருகாணி உடையவில்லை. வெண்ணெயில் வைத்தது போலக் கழன்று வந்தது. அடிக்கடி கழன்ற திருகாணி. கைப்பிடி மரத்தின் உள்பக்கத்தில் இருபத்து நாலு இல்லை, எழுபத்தொன்று என்று நாம் பள்ளியில் எழுதும் எண்ணிலேயே குத்தியிருந்தது. மரத்துக்கு அடியில் இருந்த இரும்பில், அரத்துக்கு எட்டாத மூலையில், ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக அடிக்கும் சிறிய கழுகு முத்திரை பாதி இறக்கையோடு தப்பியிருந்தது. வேறு ராணுவத்துக்கு என்று செய்தவற்றில் அதற்கு வேலையில்லை. மாப்பிள்ளை ஜெர்மன் ராணுவத்துக்காரர். பெர்சியாவை வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை.

"கலாஸ்" என்றார் அர்பாப். முடிந்தது என்று அர்த்தம். யாருக்கு முடிந்தது என்று சில நொடிகள் எனக்குத் தெரியவில்லை. விற்க வந்தவர் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்தபோதுதான் மூச்சு வந்தது.

அர்பாப் ரொட்டித் தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "இது உனக்கு எப்படித் தெரிந்தது? உண்மையைச் சொல்."

"எனக்குத் தெரியாது அர்பாப். என் பொண்ணு சொன்னா. சின்ன வயசுல ரொட்டிக்கடையைப் பார்த்து இந்த நாலைக் கத்துக்கிட்டா. அரபிப் பரீட்சையில எழுதி மார்க் போச்சு."

"எத்தனை மார்க்?"

"ஒண்ணு."

அவர் என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். அட்டையில் கையெழுத்துப் போட வைத்திருந்த பேனா. ரொட்டிக்காரரின் நாலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய டிக் போட்டு, கீழே தன் முழுப் பெயரையும் எழுதினார். "கொடு அவளிடம். அந்த மார்க் வந்துவிட்டது என்று சொல்." பிறகு தகட்டைத் திருப்பிக் கவிழ்த்துவிட்டு, "விருந்தாளிகளுக்கு இன்றைக்கு மீன் நன்றாக இருக்கிறது. துப்பாக்கி வேண்டாம்" என்றார்.

விசா போகவில்லை. மார்ச்சில் கயல் அங்கேயே பரீட்சை எழுதினாள். இப்போது ஊரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். நானும் வேலையை விட்டு வந்துவிட்டேன். கதை நல்லபடியாக முடிந்ததே என்பீர்கள். அர்பாப் வேறு மனிதராக இருந்திருந்தால் முடிந்திருக்காது. அதனால்தான் இன்னும் படபடப்பு போகவில்லை. நேர்மையாக இருந்தால் காப்பாற்றப்படுவீர்கள் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பொய் எழுதாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். பிள்ளை அதைக் கேட்கவே இல்லை. நானும் கேட்டுப் பார்க்கவில்லை.

தினமும் போனில் "நான் நல்லா இருக்கேன்மா" என்கிறேன். "கைப்பிடியைக் கழட்டிப் பார்க்கவா?" என்கிறாள்.

இதை எழுதி முடித்ததும் அவளுக்குத்தான் முதலில் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். ஓர் இடத்தில் மட்டும் தவறு இருக்கிறது என்றாள். பதிவு வேலைக்காரன், தவறு தெரிந்த பிறகு அட்டையை அப்படியே விடக்கூடாது. ஆகவே திருத்தம்: ஐந்தாம் வகுப்பு அரபிப் பரீட்சைக்குப் பிறகு ஒரு நாள் அவளோடு பேசவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன்.

மூன்று நாள்.